சித்தியின் சர்க்கரை மாத்திரையும் ஆறு மாத அரிப்பும்

போன ஜூலையில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குச் சித்தி மும்பை தாராவியிலிருந்து போன் செய்தாள். அந்த நேரத்துக்குப் போன் செய்கிற ஆளே இல்லை அவள். யாருக்கு என்னவோ என்று பதறிக்கொண்டு எடுத்தால், குரல் வெளியே வராமல், "ஏட்டி, மாப்ள பக்கத்துல இருக்காரா? கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசு" என்கிறாள். மழை அடித்துக்கொண்டிருந்த பால்கனியில் கதவைச் சாத்திவிட்டு நின்றேன். "கீழ அரிக்கு. ஆறு மாசமா அரிக்கு. தூக்கமே இல்ல. ரத்தம் வாற அளவுக்குச் சொறிஞ்சுட்டேன்."

ஆறு மாதம். சித்தி இருப்பது ஒரே அறை, அதில் மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள். கழிப்பறை தெருக்கோடியில், வரிசையில் நின்று போக வேண்டும். அரித்தால் சொறியக்கூட அவளுக்குத் தனியிடம் கிடையாது. அந்த ஆறு மாதத்தில் அவள் செய்து பார்த்த வைத்தியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்: வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், உப்புத் தண்ணீர், துணி சோப்பு, கிருமிநாசினி ஊற்றிய தண்ணீர், மெடிக்கலில் கொடுத்த ஒரு ட்யூப், முகத்துக்குப் போடுகிற பவுடர். மருமகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சுத்தமில்லாத பொம்பளன்னு நெனைச்சிருவா" என்றாள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிறப்புறுப்பில் தொற்று வந்த பெண்ணைப் பற்றி எல்லோரும் முதலில் நினைப்பது அதைத்தான், அவளே தன்னைப் பற்றி நினைப்பதும் அதைத்தான். இந்த நினைப்பால் அவள் இன்னும் அதிகமாகக் கழுவுகிறாள், கழுவக் கழுவத் தொல்லை கூடுகிறது. நானும் அந்தச் சுழலில் மாட்டித்தான் வெளியே வந்தேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பது. யோனிக்குள் எப்போதுமே கிருமிகள் உண்டு, இருக்கவும் வேண்டும். அதில் பெரும்பான்மை லாக்டோபேசிலஸ் என்ற வகை. தயிரைப் புளிக்க வைக்கிற கிருமிகளின் சொந்தக்காரர்கள்தான் இவர்கள். யோனிச் சுவரின் செல்களில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்தை எடுத்து லாக்டிக் அமிலமாக மாற்றி, அந்த இடத்தை 3.8 முதல் 4.5 வரையிலான பிஹெச் அளவில் (புளிப்பைக் காட்டும் எண் இது, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) புளிப்பாகவே வைத்திருக்கும். நன்றாகப் புளித்த தயிரில் கண்ட கிருமியும் எளிதில் வளர முடியாது இல்லையா, அதே காவல்தான் இங்கேயும். 1892இலேயே டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்தக் கிருமிகளைப் பற்றி எழுதிவிட்டார். நூற்று முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, சோப்புதான் வந்து சேர்ந்திருக்கிறது. சோப்பு காரம், அந்தப் புளிப்புக்கு நேர் எதிர்.

அப்புறம் வெள்ளைப்படுதல். எங்கள் ஊர்ப் பக்கம் இதை வெட்டை என்பார்கள், எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது, அதனால்தான் பிள்ளை இளைத்துப் போகிறாள் என்பார்கள். எலும்பெல்லாம் உருகுவதில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தினமும் கொஞ்சம் வெள்ளை படுவது இயல்பு. மாதவிடாய்க்கு நடுவில், கருமுட்டை வெளியாகும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு போல இழுத்தால் நீளும்படி வரும். கர்ப்ப காலத்தில் அதிகமாகும். ஜட்டியில் காய்ந்தால் லேசான மஞ்சளாகத் தெரியும். அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை, வழக்கத்துக்கு மாறான நிறம் இதில் ஒன்றும் இல்லையென்றால் அதற்கு மருந்தே வேண்டாம். இது தெரியாமல் பதினாறு வயதுப் பிள்ளையைச் சூட்டு உடம்பு என்று சொல்லி எத்தனை வீட்டில் கஷாயம் குடிக்க வைக்கிறார்கள்.

சரி, என் கதை. 2022இல் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தபோது ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். முடிந்த மூன்றாம் நாள் அரிப்பு ஆரம்பித்தது, கட்டித் தயிர் போல வெள்ளை, சிறுநீர் பட்டால் மேல்தோல் எரிந்தது. பல்லுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அந்த மாத்திரை ஈறில் இருந்த கெட்ட கிருமியைக் கொல்லும்போது கீழே காவல் காத்த லாக்டோபேசிலஸையும் சேர்த்துக் கொன்றுவிடும், பூஞ்சையை மட்டும் ஒன்றும் செய்யாது. கேண்டிடா என்ற அந்தப் பூஞ்சை நம்மில் பலருடைய உடம்பில் கொஞ்சமாக, சத்தமில்லாமல் எப்போதும் இருப்பதுதான். காவல் போனதும் அது பெருகிவிடுகிறது. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வரும் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்த மூன்று பேரும் சுத்தமில்லாதவர்களா?

மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை போட்டேன், அரிப்பு நின்றது. நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பயத்தில், வாசனை போட்ட திரவம் ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் உள்ளே வரை விரலை விட்டுக் கழுவ ஆரம்பித்தேன். டோம்பிவிலியிலிருந்து மும்பை சிஎஸ்எம்டி நிலையம் வரை லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் மூச்சு முட்ட நின்று போய்வந்த வேர்வைக்கு அது சுகமாகக்கூட இருந்தது. ஒரு மாதத்தில் அரிப்பில்லாமல், தண்ணீராய், சாம்பல் வெள்ளையில், மீன் கவிச்சியோடு படத் தொடங்கியது. கணவரோடு சேர்ந்த பிறகு அந்த வாடை இன்னும் அதிகமாக இருக்கும், அதனாலேயே அவரைத் தள்ளியே வைத்தேன். வாடையைப் போக்க மேலும் கழுவினேன்.

கடைசியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார், பிறகு பார்த்தார். ஒரு சின்னக் காகிதத்தில் தொட்டுப் பிஹெச் பார்த்தார், 4.5க்கு மேல். ஒரு சொட்டுக் காரத் திரவம் விட்டதும் மீன் வாடை தூக்கியது. ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின் மேல் பாக்டீரியா மணல் தூவியது போல அப்பியிருந்தது. இதற்கு பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயர். புதிதாக ஒரு கிருமி வந்து தாக்குவது அல்ல இது. லாக்டோபேசிலஸ் குறைந்து, கார்ட்னரெல்லா முதலான வேறு பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு வாடையோடு வெள்ளைப்பட இதுவே முக்கியக் காரணம். உள்ளே கழுவுவது இதை வரவழைக்கும். "நீங்க ரொம்பச் சுத்தமா இருந்துட்டீங்க, இனிமே உள்ள கைய வைக்காதீங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வாங்கிப் போட்ட பூஞ்சை மாத்திரை இதில் ஒரு வேலையும் செய்யாது, இதற்கு மெட்ரோனிடசோல் 7 நாள். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு. பார்க்காமல், சோதிக்காமல் கவுன்டரில் "வெள்ளப்படுதுக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

இந்த பாக்டீரியல் வஜைனோசிஸ் திரும்பத் திரும்ப வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை எடுத்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது. எனக்கும் வந்தது. இத்தனை காலம் பெண்ணுக்கு மட்டுமே மருந்து கொடுத்தார்கள். 2025இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஒரே துணையோடு வாழும் பெண்களின் கணவருக்கும் மாத்திரையும் உறுப்பில் தடவ க்ரீமும் 7 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 12 வாரத்துக்குள் திரும்ப வந்தது நூற்றுக்கு 35 பேருக்கு, பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த பக்கம் 63 பேருக்கு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், கணவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். கர்ப்பமாக இருக்கும்போது வந்தால் அலட்சியம் வேண்டாம், குறைமாதப் பிரசவத்தோடு இதற்குத் தொடர்பு உண்டு.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, டிரைக்கோமோனாஸ். இது பூஞ்சையும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, ஒரு செல் ஒட்டுண்ணி. உடலுறவில்தான் பரவும். மஞ்சளும் பச்சையுமாய் நுரைத்து வரலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம், ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 2020இல் மட்டும் உலகத்தில் 15.6 கோடி பேருக்குப் புதிதாக வந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதில் கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மருந்து எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் இவரிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து இவருக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். தெரியாமலே மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் என்பதால் எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. வீட்டில் சண்டையை ஆரம்பிப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

சித்திக்கு வருகிறேன். மறுநாளே லீவு போட்டுவிட்டு மாநகராட்சி மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். கேஸ் பேப்பர் எடுத்து, இரண்டரை மணி நேரம் பெஞ்சில். உள்ளே இருந்த மருத்துவர் சின்னப் பெண், மராத்திக்காரி, சித்திக்கு ஹிந்தி நன்றாகவே வரும் என்றாலும் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை, நான்தான் பேசினேன். பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது: மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று அவ்வளவாக வராது, இந்த அம்மாவுக்கு 58 வயது, வந்திருக்கிறது என்றால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். "ஷுகர் இருக்கே, மாத்திரை போடுறேனே" என்று சித்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினாள். டாபாகிளிஃப்ளோசின்.

அந்த அட்டையைப் பார்த்ததும் அந்தப் பெண் தலையை ஆட்டினாள். ஏழெட்டு மாதத்துக்கு முன் சர்க்கரை டாக்டர் புதிதாகச் சேர்த்த மாத்திரை அது. அந்த வகை மாத்திரைகள் (எம்பாகிளிஃப்ளோசினும் இதில் சேர்த்தி) ரத்தத்தில் அதிகமாக இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகின்றன. வேலை செய்வதே அப்படித்தான். நல்ல மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு என்று நிரூபணமானது. ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த இடத்தை நனைக்கிறது, பூஞ்சைக்கு அது விருந்து. பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று இந்த மாத்திரைகளின் தெரிந்த பக்க விளைவு. 2020இல் காப்புரிமை முடிந்த பிறகு டாபாகிளிஃப்ளோசின் நம் நாட்டில் விலை இறங்கிவிட்டது, இப்போது எந்த வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தாலும் இருக்கிறது. எழுதிக் கொடுக்கும்போது "கீழ அரிப்பு வந்தா உடனே வந்து சொல்லுங்கம்மா, ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போயிட்டும் தண்ணி விட்டுக் கழுவித் துடைச்சிடுங்க" என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் சித்திக்கு அந்த ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஒன்று முக்கியம்: இதைப் படித்துவிட்டு உங்கள் அம்மாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள், பூஞ்சைக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அதைத் தொடரலாமா, மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். அந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த இடத்தைச் சுற்றிக் கடும் வலி, வீக்கம், சிவப்பு, கூடவே காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அது அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்தான தொற்றாக இருக்கலாம்.

சித்தி தடவிக்கொண்டிருந்த ட்யூபையும் அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்தது. ஸ்டீராய்டு இருப்பதால் தடவின அன்றைக்கு அரிப்பு அடங்கும், ஆஹா நல்ல மருந்து என்று தோன்றும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும், தோல் மெலிந்துகொண்டே வரும், நிறுத்தினால் இரட்டிப்பாக அரிக்கும். தொடை இடுக்கில் வட்ட வட்டமாக வரும் படர்தாமரைக்கும் இதே ட்யூபைத்தான் ஊரே தடவுகிறது, அதனாலேயே அது ஆறாமல் குடும்பத்தில் ஒவ்வொருவராகப் பிடிக்கிறது. பெட்டியில் க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் மருத்துவர் சொல்லாமல் வாங்காதீர்கள்.

வேப்பிலைத் தண்ணீர், உள்ளே தயிர் தடவுவது, பூண்டுப் பல்லை வைப்பது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். புண்ணான தோலில் கொதித்த வேப்பிலைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதைச் சித்தியின் காலிடுக்கில் பார்த்தேன். வெளியே சாதாரணத் தண்ணீர், முன்னிருந்து பின்னாக, அது போதும். உள்ளே தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிற உறுப்பு அது.

மும்பை மழைக்காலத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் வீட்டில் எந்தத் துணி முழுசாகக் காய்கிறது? ஹாலில் கயிறு கட்டி, மின்விசிறியைப் போட்டு, காலையில் தொட்டுப் பார்த்தால் ஜட்டியின் ரப்பர் ஓரம் இன்னும் ஈரம், நேரமாகிவிட்டது என்று அதையே மாட்டிக்கொண்டு ஓடுகிறோம். தாதரில் முழங்கால் தண்ணீரில் நடந்து, நனைந்த லெக்கின்ஸோடு ஏசி ஆபீசில் எட்டு மணி நேரம் உட்காருகிறோம். ஈரமும் சூடும் காற்றோட்டமின்மையும் பூஞ்சைக்குப் பிடித்தமானவை. நான் இப்போது உள்ளாடைகளைக் கடைசியில் இஸ்திரி போட்டு ஈரத்தை எடுக்கிறேன், மாற்று ஜட்டி ஒன்று பையில் எப்போதும் இருக்கும், வீட்டுக்கு வந்ததும் தளர்வான பருத்தி, ராத்திரி உள்ளாடையே கிடையாது.

மாதவிடாய் நாட்களில் நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பேட் மாற்றச் சொல்வார்கள். எங்கே மாற்றுவது? டோம்பிவிலி ரயிலில் நிற்கிற ஒன்றேகால் மணி நேரத்தையும், பூட்டிக்கிடக்கும் நிலையக் கழிப்பறையையும், ஆபீசில் இருபது பெண்களுக்கு ஒன்று என்றிருப்பதையும் கூட்டினால் எட்டு மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும். 2011இல் இந்த நகரத்துப் பெண்கள் 'ரைட் டு பீ' என்று ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது, பெண்கள் இலவசமாகச் சிறுநீர் கழிக்கச் சுத்தமான இடம் கேட்டு. சிறுநீரை அடக்குவதால் வருவது சிறுநீர்ப் பாதைத் தொற்று, அது வேறு. உள்ளேயிருந்தே எரிந்து, அடிக்கடி முட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் அது. வெளித்தோலில் சிறுநீர் படும்போது மட்டும் எரிந்தால் யோனிப் பக்கத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் அவர் வேலை பாதி குறையும்.

துணி உபயோகிப்பவர்களுக்கு: துணி குற்றமில்லை, அது காயாததுதான் குற்றம். ஒடிசாவில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தடவை போட்டு எறியும் பேட் வைத்தவர்களைவிடத் துவைத்துத் திரும்ப உபயோகித்த பெண்களுக்குத் தொற்று அதிகமாக இருந்தது. மற்ற துணிக்கு அடியில் ஒளித்து நிழலில் காயப் போட்டால் அது காயவே காயாது. சித்தியின் சந்தில் வெயில் விழுவதே பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேர வெயிலில், கொடியின் முன் வரிசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி அதைப் போடுவதற்கு ஒரு பெண்ணுக்கு உரிமை வேண்டும்.

எப்போது காத்திருக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து வெள்ளைப்பட்டால் தொற்று கருப்பைக்கு ஏறியிருக்கலாம். மாதவிடாய் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உடலுறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும், ரத்தம் கலந்து நாற்றத்தோடு நீர் போனாலும் கருப்பை வாயைச் சோதித்தே ஆக வேண்டும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தது கருப்பை வாய்ப் புற்றுநோய்தான். கர்ப்பிணிகள் கடையில் அந்த ஒற்றைப் பூஞ்சை மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது, அவர்களுக்கு உள்ளே வைக்கிற மருந்து தனியாக இருக்கிறது.

பணம் இல்லை, வெளியே சொல்லக் கூச்சம் என்பவர்களுக்கு, அரசு மருத்துவமனைகளில் சுரக்ஷா கிளினிக் என்ற பெயரில் இதற்கென்றே பிரிவு உண்டு. ஆலோசகர் தனியறையில் பேசுவார், மருந்து இலவசம், நோய்க்குத் தகுந்தபடி ஒவ்வொரு நிறப் பொட்டலம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. கல்யாணமாகாத பெண்களும் போகலாம். பூஞ்சைத் தொற்று வர உடலுறவு தேவையே இல்லை, அங்கே யாராவது முகம் சுளித்தால் இதைத் திருப்பிச் சொல்லுங்கள்.

சித்திக்கு மூன்றாம் நாளே அரிப்பு பாதி குறைந்தது, முழுசாக ஆற ஒரு மாதம் பிடித்தது. சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். விஷயம் மருமகளுக்கும் தெரிந்துவிட்டது, மருந்தை எந்த நேரம் வைப்பது என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாள். ஆகஸ்டில் நான் போயிருந்தபோது டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சித்தி தண்ணீர் பிடிக்கப் போகும்வரை சும்மா நின்றாள். அப்புறம் மெதுவாக, "மதினி, எனக்கும் ரெண்டு வருசமா வாடையடிக்கி. காப்பர்‑டி போட்டதுல இருந்து. அதே டாக்டர்ட்ட என்னையும் கூட்டிட்டுப் போறீயளா?" என்றாள்.